பேர்ல் வெள்ளை

சுபஹு தொழுதுவிட்டு வந்த கையோடு சாஹுல் ஹமீது வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. இன்னொருமுறை திருப்பினார். 'டிக்'. டாஷ்போர்டில் நல்ல சிவப்பாக எரிந்துகொண்டிருந்த லைட்டுகள் அந்தச் சத்தத்தோடு மங்கிப்போய், சாவியை விட்டதும் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி எரிந்தன.

"எட்டு நாளா இந்த ஒரு சத்தம்தான்" என்றாள் அஸீஸா, குசினிக்குள் இருந்து. "அதுக்கும் அலுத்துப்போயிரிக்கும்."

"நீ உண்ட வேலையப் பாரு."

"எண்ட வேல கண்டக்குழியில கிடக்கு. எட்டு நாளா கருவாட்டு வாடிக்குப் போகல்ல. ரோட்டால போனா ஆளுக்கு ஆள் மறிச்சுக் கேக்குறாங்க. 'மகள் வந்திரிக்காவாம், என்ன விசேசம்?' எண்டு. என்ன விசேசம் எண்டு நான் சொல்ற?"

விசேசம் கிணற்றடி மாமரத்துக்குக் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தது. ஷிஹாரா பக்கத்துத் தோட்டத்து வெங்காயத்துக்குத் தாள் வெட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது. கலியாணம் முடித்து ஐந்து மாதம். அவளும் வேனும் ஒரே நாளில் கற்பிட்டிக்குப் போனார்கள். ஒரே நாளில் திரும்பி வந்தார்கள்.

சோளகக் காற்று விடியும் முன்னமே எழும்பியிருந்தது. ஆலங்குடாவில் இந்த மாதங்களில் காற்று நிற்பதே இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு அது கொண்டாட்டம். பட்டத்தைக் கட்டிக்கொண்டு களப்புக்கு மேலே பறப்பார்கள். ஊர்க்காரர்களுக்குச் சோற்றில் மணல். கடலில் இருந்து வரும் அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. தகரம், பூட்டு, கதவுக் கீல், சைக்கிள் செயின் எல்லாவற்றையும் அது தின்றுகொண்டே இருக்கும்.

வேனை மட்டும் அது தொட்டதாகத் தெரியவில்லை. முப்பது வருடப் பழைய டொல்பின் வேன், பேர்ல் வெள்ளை நிறத்தில், கிடுகு வேலிக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் வழி தவறி வந்த பணக்காரச் சொந்தம்போல மினுங்கிக்கொண்டு நின்றது.

எங்கள் பக்கத்தில் இதைச் சீதனம் என்று யாரும் சொல்வதில்லை. "மனம் விரும்பிக் குடுத்த" என்பார்கள். மனம் விரும்பிக் கொடுப்பதை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே வந்து, டயரை உதைத்து, கதவை நாலுதரம் அடித்துப் பார்த்து, பிழை சொல்லிவிட்டுப் போவார். அதையும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அப்படி வந்தவர் நஸீர் ஹாஜியார். மாப்பிள்ளை ஸுஹைபின் தாய்மாமன். கற்பிட்டியில் பரம்பரையாகக் காணியும் வள்ளமும் உள்ள குடும்பம். சாஹுல் ஹமீது தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரில் இருந்து ஒரு சாரத்தோடும் இன்னும் பிள்ளை பெறாத ஒரு மனைவியோடும் வந்து கரையேறியவர். மூன்று பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள். இங்கேதான் படித்தார்கள். கடைசிப் பிள்ளை ஷிஹாரா அட்வான்ஸ் லெவல் பாஸ் பண்ணினாள். முப்பத்தைந்து வருடம் போனாலும் கற்பிட்டியில் அவர்களுக்குப் பெயர் அகதிதான். கடைத்தெருவில் யாரும் கோபமாகச் சொல்வதில்லை. அடையாளத்துக்குச் சொல்வார்கள். "அகதிச் சாஹுல், கருவாட்டு லொறி ஓடினாரே, அவர்ட மகள்."

அன்றைக்கு ஹாஜியார் முன் சீட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்ன சாஹுல் இது? பெட்டரிக்குப் பக்கத்தில துரு புடிச்சிக் கிடக்கு."

"அது ஹாஜியார், பழைய வாகனம்தானே. மேலால பெயின்ட் அடிக்கத்தான் போறேன்."

"மேலால அடிச்சா ஆருக்கு? டூரிஸ்ட்காரன் சீட்டத் தூக்கிப் பார்த்தா? எங்கட மருமகன் வெள்ளக்காரன ஏத்துற ஆள். கருவாட்டு வேனுக்குப் பொட்டு வெச்ச மாதிரி ஈக்கப்படாது. சீட்டுக்கு அடியிலயும் அடிங்க. போல்ட்டு நட்டெல்லாம் கழட்டி அடிங்க. துரு ஒரு புள்ளி என்ட கண்ணுக்குத் தெரியப்படாது."

"ஓம் ஹாஜியார்."

"என்ன கலர்?"

"வெள்ள."

"பேர்ல் வெள்ள அடிங்க. சும்மா வெள்ள எண்டா அம்பியூலன்ஸ் மாதிரி இரிக்கும்."

சாஹுல் ஹமீது சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெயின்ட் அடிக்கிற பாஸிடம் போல்ட்டு நட்டெல்லாம் கழற்றிக் கொடுத்தார். அடித்து முடிந்ததும் தன் கையாலேயே ஒவ்வொன்றாக, பெயின்டில் கீறல் விழாமல், துணி சுற்றிய ஸ்பேனரால் பூட்டினார். அந்த வேலையை அவர் மகளின் கலியாண வேலைகளில் ஒன்றாகச் செய்தார். பந்தல் போட்டதைப்போல, பிரியாணிச் சட்டிக்குச் சொல்லிவைத்ததைப்போல.

நாலு மாதம் வேன் நன்றாக ஓடியது. ஸுஹைப் விமான நிலையத்தில் இருந்து வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஆலங்குடா லொட்ஜ்களுக்கு விட்டான். பிறகு ஹோர்னின் சத்தம் மெலிந்தது. சிக்னல் போட்டால் வைப்பர் மெதுவானது. பிரேக்கை மிதித்தால் ஹெட்லைட் கண்ணை மூடித் திறந்தது. ஒரு நாள் மஃரிப் நேரம், மதுரங்குளிக்கு இந்தப் பக்கம், ஆறு பேரும் அவர்களுடைய பெரிய பெரிய பட்டப் பைகளுமாக வரும்போது வேனில் இருந்த வெளிச்சம் முழுவதும் வடிந்து எஞ்சின் நின்றது. வெள்ளைக்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். ஒருத்தி அதை வீடியோ எடுத்தாள். லொட்ஜ்காரன் அடுத்த நாள் வேறு வேன் பிடித்துக்கொண்டான்.

அதற்கடுத்த நாள் ஸுஹைபின் உம்மா றம்ஸியா சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னாள்: "வேன அவங்கட வீட்டில கொண்டுபோய் விடுங்க. அவங்க குடுத்த சாமான், அவங்க சரிபண்ணித் தரட்டும். மருமகளும் போய் உம்மா வாப்பாவோட நாலு நாள் இரிந்துட்டு வரட்டும். வேன் சரி வந்தா ரெண்டு பேரும் ஒண்டா வரலாம்."

ரெண்டு பேரும் என்றது ஷிஹாராவையும் வேனையும்.

ஒரு பட்டா லொறியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இழுபடும் வேனுக்கும் ஸ்டியரிங் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஸுஹைப் பிடித்தான். பக்கத்தில் ஷிஹாரா, மடியில் உடுப்புப் பையோடு. எஞ்சின் சத்தம் இல்லாத வேனுக்குள் காற்றும் கயிறு இறுகித் தளர்கிற சத்தமும் மட்டும். கற்பிட்டியில் இருந்து ஆலங்குடா வரை அவன் முன்னால் போன லொறியின் பின்பலகையையே பார்த்துக்கொண்டு வந்தான். வாசலில் இறங்கும்போது "போனெடுக்கிறேன்" என்றான். எடுக்கவில்லை. அவளுடைய வாப்பாவுக்கு எடுத்தான். "மாமா, வேன் எப்பிடி?" என்று கேட்டான்.

அன்று தொடங்கியது வைத்தியம்.

பாலாவிச் சந்தியில் வயரிங் வேலை செய்யும் றஊப் பாஸ் மூன்று தரம் வந்தார். கையில் மீட்டர். பெட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்து, "பழைய பெட்டரி. லோட் தாங்குதில்ல" என்றார். புதுப் பெட்டரி வந்தது. ஒரு தரம் ஸ்டார்ட் ஆகி, அடுத்த நாள் 'டிக்'. "ஒல்டர்நேட்டர் சார்ஜ் அடிக்குதில்ல" என்றார். ஒல்டர்நேட்டர் மாற்றியாயிற்று. அஸீஸாவின் காதில் இருந்தது இப்போது எஞ்சினில் இருக்கிறது. 'டிக்'. மூன்றாம் தரம் ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றி மேசையில் வைத்துச் சுற்றவிட்டார். அது பேய் பிடித்ததுபோல் சுற்றியது. திரும்பப் பூட்டினால் 'டிக்'.

"முழு வயரிங்கும் மாத்தோணும் நானா" என்றார் றஊப். "பழைய வண்டி. வயர் உள்ளுக்குள்ள உக்கியிரிக்கும்."

"எந்த வயர் எண்டு பார்க்கேலாதா?"

"எத்தின வயர் எண்டு பார்க்கிற? முழுசா மாத்தினா நிம்மதி."

"முழுசா மாத்துறதெண்டா மகள்ட வாழ்க்கையையும் சேர்த்துத்தான் மாத்தோணும்" என்றாள் அஸீஸா, தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் அடித்து வைத்து. றஊப் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காமலே போனார்.

இப்படியே எட்டு நாள். சாஹுல் ஹமீது முப்பது வருடம் கருவாட்டு லொறி ஓடியவர். எஞ்சின் சத்தத்தில் எந்த வால்வ் என்று சொல்லக்கூடியவர். கறண்ட் என்றால் மட்டும் அவருக்குப் பயம். கண்ணுக்குத் தெரியாத, சத்தம் போடாத ஒரு சாமான் எங்கே நிற்கிறது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆனாலும் ஒவ்வொரு சுபஹுக்குப் பிறகும் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

அன்றைக்குப் பத்து மணிபோல, ஒரு பை சாளையோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் அல்பொன்சா.

கண்டக்குழிக்காரி. பேச்சில் சிங்களம் கலந்திருக்கும். அஸீஸா மீன் வெட்டப் போகும் கருவாட்டு வாடி அவளுடையது. புருசன் கடலுக்குப் போவான். கரையில் இவள் வாடியையும் பார்த்து, ஊரில் உள்ள பாதிப் போட்டுகளுக்கு லைட்டும் ஜீபிஎஸ்ஸும் பூட்டிக் கொடுப்பாள். விரலெல்லாம் ஈயம் சுட்ட தழும்பு.

"அனே அஸீஸாக்கா, உயிரோடதான் இருக்கியளா? எட்டு நாளா என்ட சாளையெல்லாம் வயிறு வெட்ட ஆளில்லாமக் கிடக்கு. மௌத்தாப் போனீங்களோ எண்டு பார்க்க வந்தேன்."

"மௌத்தானாச் சொல்லியனுப்பியிரிப்பேன். வா, இரி."

"மௌத்தான ஆள் எப்பிடிச் சொல்லியனுப்புற?"

எட்டு நாளில் அந்த வளவில் முதல் சிரிப்பு அது. ஷிஹாராவும் சிரித்தாள். அல்பொன்சா அவளை ஒரு பார்வை பார்த்தாள், வேனை ஒரு பார்வை. மூன்றாவது கேள்வியிலேயே முழுக் கதையும் வந்துவிட்டது. அஸீஸா வெங்காயத் தாளைப் பிய்த்தபடி கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் அவளுக்கு நல்ல சாட்டு.

"அப்ப வேன் சரிவந்தாத்தான் பிள்ளைய எடுப்பாங்களாமா?"

"அப்பிடிச் சொல்லல்ல" என்றார் சாஹுல் ஹமீது.

"அப்பிடித்தான் சொன்னாங்க" என்றாள் ஷிஹாரா.

அல்பொன்சா எழுந்து வேனைச் சுற்றி நடந்தாள். "ஹரி வடிவு, சரியான வடிவு. கலியாணப் பொம்பள மாதிரி. இதுக்கு என்ன வருத்தம்?"

"அது வாகனம், போட்டில்ல" என்றார் சாஹுல் ஹமீது. "பாஸ்மாரே கைவிட்டிட்டாங்க."

"கைவிட்டது தானே, இனி நான் கெடுக்க என்ன இருக்கு? சாவியத் திருப்புங்க அண்ணன்."

'டிக்'.

"ஹெட்லைட்டப் போடுங்க. இப்ப ஹோர்ன் அடிங்க."

ஹோர்ன் நோயாளிபோல் முனகியது. ஹெட்லைட் அதோடு சேர்ந்து மங்கியது.

"பெட்டரி புதுசா?"

"புதுசு. ஒல்டர்நேட்டரும் புதுசு."

"திரும்பி வாற வயர் எது?"

சாஹுல் ஹமீதுக்கு விளங்கவில்லை. "என்ன வயர்?"

"கறண்ட் போற வயர் சிவப்பு. அதப் பாஸ் பாத்திருப்பார், எல்லாரும் அதத்தான் பாப்பாங்க. போன கறண்ட் திரும்பிப் பெட்டரிக்கு வரோணுமே. அது எந்த வழியால வருது?"

"அதுக்கு வயரில்ல. பொடியாலதான், வேன்ட இரும்பால. எர்த்."

"ஆ, அதுதான். எங்கட போட்டு பைபர். பைபருக்குள்ளால கறண்ட் வராது. ஒரு லைட்டுக்கு ரெண்டு வயர் இழுக்கோணும், போறதுக்கு ஒண்டு, வாறதுக்கு ஒண்டு. வாறது விட்டா நடுக்கடலில லைட்டில்ல, ஜீபிஎஸ்ஸில்ல, எங்கட வீட்டு ஆளுமில்ல. அதால நான் முதல்ல பார்க்கிறது வாற வயரத்தான். வாகனக்காரருக்கு அந்தக் கவல இல்ல. முழு இரும்பும் இருக்குத்தானே எண்டு இருந்திருவாங்க."

ஸ்கூட்டிப் பெட்டிக்குள் இருந்து ஒரு சிக்னல் பல்ப்பை எடுத்தாள். அதில் இரண்டு நீள வயர்கள் ஈயத்தால் ஒட்டப்பட்டிருந்தன. "இதுதான் என்ட மீட்டர். நம்பர் காட்டாது. பொய்யும் சொல்லாது."

முன் சீட்டைத் தூக்கினார்கள். சீட்டுக்கு அடியிலும் பேர்ல் வெள்ளை. பெட்டரிக்குக் கீழே, ஓரங்களில், போல்ட் தலைகளில், எங்கும் ஒரு கீறல் இல்லை. அல்பொன்சா பல்ப்பின் ஒரு வயரைப் பெட்டரியின் பிளஸ்ஸில் வைத்தாள். மற்றதை மைனஸில் தொட்டாள். பல்ப் கண் கூச எரிந்தது.

"பெட்டரி பாவம், அதில ஒரு பிழையுமில்ல."

மைனஸில் இருந்த வயரை எடுத்து எஞ்சினின் இரும்பில் அழுத்தினாள். பல்ப் எரிந்தது. ஆனால் பீடி நுனிபோல, சிவந்து, எரிகிறதா இல்லையா என்று குனிந்து பார்க்கிற அளவுக்கு.

ஷிஹாரா வெங்காயக் கத்தியோடு வந்து நின்றிருந்தாள்.

"எஞ்சினுக்கும் பெட்டரிக்கும் நடுவில வழி அடைபட்டிருக்கு" என்றாள் அல்பொன்சா. "மொத்த வயர் ஒண்டு இருக்கா?"

லொறிக் காலத்துத் தடித்த கேபிள் ஒன்றைச் சாஹுல் ஹமீது கோழிக்கூட்டுக்கு மேலிருந்து எடுத்து வந்தார். ஒரு நுனி பெட்டரி மைனஸில். மற்ற நுனியை அல்பொன்சா எஞ்சினில் கவ்வவிட்டாள்.

"பிஸ்மில்லா சொல்லித் திருப்புங்க அண்ணன்."

எஞ்சின் ஒரே உலுப்பில் ஸ்டார்ட் ஆனது. கறுத்த புகை கிடுகு வேலியைத் தாண்டிப் போனது. கோழிகள் சிதறின. அஸீஸா தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று அழுதாள். இந்தத் தரம் அவள் வெங்காயத்தைச் சாட்டவில்லை.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க. இது வைத்தியமில்ல, சேலைன்" என்றாள் அல்பொன்சா.

பெட்டரியின் மைனஸில் இருந்து வந்த கறுப்பு வயர் ஒரு முழம் ஓடி, சீட்டுக்கு அடியில் பொடியோடு ஒரு போல்ட்டில் முடிந்திருந்தது. அதைக் கழற்றினாள். வயரின் செப்பு முகத்துக்கும் வேனின் இரும்புக்கும் நடுவில் ஒரு சீரான, வழவழப்பான, பேர்ல் வெள்ளைப் படை. போல்ட்டின் புரியில் மட்டும் கொஞ்சம் இரும்பு தெரிந்தது. அதிலும் இப்போது பச்சையும் செம்பழுப்புமாக உப்புப் பூத்திருந்தது.

"இந்தப் புரியாலதான் இத்தின நாளும் ஓடியிருக்கு. ஊசிக் காதுக்குள்ளால வந்த மாதிரி. உப்புக் காத்துப் பட்டு அதும் மூடிட்டுது." அவள் நிமிர்ந்தாள். "பெயின்ட் அடிக்கிற நேரம் இந்த இடத்தச் சுரண்டிவிடோணும் அண்ணன். வடிவில்லாம, வெறும் இரும்பா. பெயின்டுக்குள்ளால கறண்ட் வராது. இதுக்குள்ள ஆர் பெயின்ட் அடிக்கச் சொன்ன?"

சாஹுல் ஹமீது அந்தப் போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். துணி சுற்றிய ஸ்பேனரால், கீறாமல், அவர் பூட்டிய போல்ட்.

"அது... வடிவுக்கு அடிச்ச" என்றார்.

ஷிஹாராவின் வெங்காயக் கத்தியால்தான் சுரண்டினார்கள். அல்பொன்சா பாதி சுரண்டிவிட்டு, "இந்தா பிள்ள, நீ சுரண்டு. எனக்கு இடுப்பு ஏலாது" என்று அவளிடம் கொடுத்தாள். வெள்ளை, அதற்குக் கீழே சாம்பல் அடிப்பூச்சு, அதற்குக் கீழே பழைய நீலம், அதற்கும் கீழே மினுங்கும் இரும்பு. கீழே எஞ்சினில் இருந்து சேஸிக்குப் போகும் பட்டி வயரிலும் அதே கதை. அதையும் மல்லாந்து படுத்து அவளே சுரண்டினாள். முகமெல்லாம் வெள்ளைத் தூள். போல்ட்டை இறுக்கினார்கள். சாவி. எஞ்சின் எழும்பியது. ஹோர்ன் ஊர் முழுக்கக் கேட்டது.

அல்பொன்சா காசு வாங்கவில்லை. "நாளைக்கு வாடிக்கு வாங்க அக்கா, அது போதும்" என்றாள். போகும்போது ஷிஹாராவின் கன்னத்தில் இருந்த தூளைப் பெருவிரலால் துடைத்துவிட்டாள்.

அவள் ஸ்கூட்டி வளைவில் மறைய முன்னமே சாஹுல் ஹமீது போனைக் காதில் வைத்துவிட்டார். நின்றுகொண்டு, இடது கையைக் கமக்கட்டுக்குள் ஒடுக்கிக்கொண்டு பேசினார். போனில் பேசும்போதும் அவர் அப்படித்தான் நிற்பார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார். வேன் சரி. ஓம், ஓம், இப்பதான். கண்டக்குழிப் பொம்புள ஒராள் வந்து சரிபண்ணின. பெரிய பிழையில்ல. எர்த் வயர்... இல்ல ஹாஜியார், எங்கட பிழதான். நான் பூட்டின நேரம் கவனிக்கல்ல. மன்னிச்சிக்கொள்ளோணும். உங்களுக்கெல்லாம் கரைச்சல். ஓம், அஸருக்குப் பொறகு வாங்க. மகள் ரெடியாத்தான் இரிக்கிறா."

ஷிஹாரா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"வாப்பா, சீட்டுக்கடியில பெயின்ட் அடிக்கச் சொன்னது ஆர்?"

"அத இப்ப கதைச்சு என்ன மகள்?"

"ஆர் எண்டு கேக்கிறேன்."

"பூட்டினது எண்ட கை."

"அடிக்கச் சொன்னது ஆர்ட வாய்?"

"ஷிஹாரா" என்றாள் அஸீஸா.

"உம்மா, நான் அந்த வீட்டில எட்டுப் பேருக்குச் சமைச்சேன். மாமிக்குக் கால் புடிச்சேன். ஒரு நாள் ஒரு பிழ வரல்ல. வேன் நிண்டு ரெண்டு நாளில என்னக் கயித்தில கட்டி இழுத்துக்கொண்டு வந்து போட்டாங்க. இப்ப வேன் ஓடுதாம், நான் ரெடியாம். எனக்கு என்ன வருத்தம் சுகமானதெண்டு நான் ரெடி?"

"எங்கட நிலமைக்குக் கோபம் ஏலா மகள்" என்றார் சாஹுல் ஹமீது. "பொம்புளப் பிள்ள. நாலு பேர் என்ன சொல்லுவாங்க? வேன் சரி வந்தது அல்லாட கிருப. இதோட முடிச்சிக்குவம்."

ஷிஹாரா வாளியில் மிஞ்சிய தண்ணியை மாமரத்தடியில் ஊற்றினாள். உள்ளே போய் உடுப்புப் பையைக் கட்டினாள். அதைப் பார்த்து அஸீஸாவுக்கு மூச்சு வந்தது. அடுப்பில் சோறு வைத்தாள், அல்பொன்சா கொண்டுவந்த சாளையில் ஆணம் காய்ச்சினாள், மருமகன் வருகிறார் என்று ஒரு கோழியையும் பார்த்துவைத்தாள். சாஹுல் ஹமீது பள்ளிக்குப் போகக் குளித்தார். ஷிஹாரா ஈரத்துணியும் கையுமாக வேனில் ஏறி முன் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்ததை அஸீஸா குசினி ஜன்னலால் கண்டாள். நல்ல பிள்ளை என்று நினைத்தாள்.

அஸருக்குப் பிறகு ஒரு த்ரீவீலில் இரண்டு பேரும் வந்தார்கள். ஹாஜியார் வெள்ளை ஜுப்பா. ஸுஹைப் இஸ்திரி போட்ட சேர்ட், அத்தர். வந்ததும் ஹாஜியார் வேனைத்தான் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப எர்த் வயரா? இதுக்கா எட்டு நாள்? நான் அப்பவே சொன்னேன் ஸுஹைப், பெரிசா ஒண்டுமில்ல, இவங்கட கவனக்குறைவுதான் எண்டு. சாஹுல், சாமான் குடுக்கிற நேரம் ஒழுங்காப் பார்த்துக் குடுக்கோணும்."

"ஓம் ஹாஜியார்."

"கண்டக்குழிப் பொம்புளயா சரிபண்ணின? ஹஹ். அகதிக் கொலனியில வேற ஆம்புள இல்லாமப் போச்சா?"

சாஹுல் ஹமீது சிரித்தார். "இரிங்க ஹாஜியார், தேத்தண்ணி குடிச்சிட்டு..."

"நேரமில்ல. ஏழு மணிக்கு வேற லொட்ஜ்காரன் ஒருத்தன் வரச்சொன்னது. ஸுஹைப், எடு."

ஸுஹைப் சாரதிச் சீட்டில் ஏறினான். ஷிஹாரா மாமரத்துக்குக் கீழே, வெட்டிய வெங்காயத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் அவளைப் பார்த்து, "ஏறு, போவம்" என்றான். குரலில் கடுமை இல்லை. ஐந்து மாதத்தில் அவன் அவளிடம் ஒருநாளும் கடுமையாகப் பேசியதில்லை. அவனுக்காக மற்றவர்கள் பேசுவார்கள்.

சாவியைத் திருப்பினான்.

இந்தத் தரம் 'டிக்' என்றுகூட வரவில்லை. டாஷ்போர்டில் ஒரு லைட்டும் எரியவில்லை. மறுபடி திருப்பினான். ஹோர்னை அழுத்தினான். காற்று மட்டும் மாமரத்துக்குள் சத்தம் போட்டது.

"என்ன சாஹுல் இது?" என்றார் ஹாஜியார். "விளையாடுறீங்களா?"

சாஹுல் ஹமீது ஓடிப்போய்ச் சீட்டைத் தூக்கினார். சுரண்டிய இடத்தில் இரும்பு மினுங்கியது. கறுப்பு வயர் அதற்குப் பக்கத்தில் நுனி தொங்கிக் கிடந்தது. போல்ட்டைக் காணவில்லை. குனிந்தபடியே அவர் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார்.

ஷிஹாரா கையை விரித்தாள். உள்ளங்கையில் இருந்தது. ஒரு பக்கம் பேர்ல் வெள்ளை, சுரண்டிய பக்கம் இரும்பு.

"சீட்டுக்கடியிலயும் பெயின்ட் அடிக்கச் சொன்னது நீங்கதானே ஹாஜியார்" என்றாள். "அதாலதான் கறண்ட் நிண்டது. வாப்பா தன்ட பிழ எண்டு சொன்னது பொய். மரியாதைக்குச் சொன்ன பொய்."

"பெரிய மனுசனோட கதைக்கிற முறையா இது? சாஹுல், மகள்ட வாய அடக்கு. ஏய், அதக் குடு இஞ்ச."

"வேன் உங்களுக்குக் குடுத்ததுதான். இந்தா நிக்குது, கொண்டு போங்க. அண்டைக்கு வந்த மாதிரி கயித்தில கட்டி இழுத்துட்டுப் போங்க. நான் வரல்ல."

வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று தலைகள் எழும்பின. ஹாஜியாருக்கு அது தெரிந்தது. ஜுப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் த்ரீவீலில் ஏறினார். "ஸுஹைப், வா. இதுகள நாளைக்குப் பள்ளியில வெச்சிக் கதைப்பம்."

ஸுஹைப் இறங்கவில்லை. ஓடாத வேனின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தான், இழுபட்டு வந்த நாளில் இருந்ததைப்போலவே.

"நான் என்ன செய்யிற ஷிஹாரா?" என்றான்.

"அண்டைக்குக் கற்பிட்டியில இரிந்து இஞ்ச வரும்வரைக்கும் நீங்க இப்பிடித்தான் இரிந்தீங்க. பக்கத்தில நான். ஒரு சொல்லுச் சொன்னீங்களா?"

"என்ன சொல்ல ஏலும்?"

"அத யோசிச்சிட்டு வாங்க. வந்து எனக்கிட்டச் சொல்லவேணாம். உங்கட உம்மாக்கிட்ட, மாமாக்கிட்டச் சொல்லுங்க. எண்ட காது கேக்க நீங்க சொல்லோணும். அதுக்குப் பொறகு பார்ப்பம்."

த்ரீவீல் ஹோர்ன் அடித்தது. அவன் சாவியை எடுக்காமலே இறங்கினான். வாசல்வரை போய் நின்று திரும்பிப் பார்த்தான். பிறகு ஏறிப் போனான்.

அஸீஸா நிலத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்தாள். அடுப்பில் ஆணம் அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. யாரும் எழும்பவில்லை. சாஹுல் ஹமீது வேனின் சீட்டை இறக்கி வைத்தார். பிறகு மகளிடம் வந்தார். கையை நீட்டினார்.

"மகள், அந்தப் போல்ட்ட வாப்பாட கையில தாங்க. பத்திரமா வெச்சிக்கிறேன்."

ஷிஹாரா விரல்களை மூடிக்கொண்டாள்.

"இல்ல வாப்பா. உங்கட கையில தந்தா நீங்க பூட்டிருவீங்க."